நிறுத்தி வைத்த முகம்

1. பயந்தவள் பிழைத்த தொழில்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வீடியோ லைனில் இத்தனை வருஷம் நான் தாக்குப்பிடித்ததற்கு அந்தப் பயத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. தைரியசாலிகள் பலர் கேசட்டை அறுத்துவிட்டு வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள்.

திண்டிவனத்தில் பிறந்தவள், விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டேன். வீட்டுக்காரர் சேவியர் கல்யாண வீடியோ எடுப்பவர். அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார், நான் மாடியில் இருந்த எங்கள் ஸ்டுடியோவில் எடுத்த படத்தை வெட்டி ஒட்டும் மிக்சிங் வேலை பார்ப்பேன். கேசட் காலம் முடிந்து வீட்டுக்கு வீடு டிவிடி பிளேயர் வந்தபோது, பழைய கேசட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு ஜனங்கள் எங்களிடம் வர ஆரம்பித்தார்கள். கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் புதுநன்மை, டிவியில் பார்த்துப் பிடித்துப்போய்ப் பதிவுசெய்து வைத்த நிகழ்ச்சிகள் என்று எல்லாம் வரும்.

வேலை சுலபம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். கேசட்டை டெக்கில் போட வேண்டும். டெக்கிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களைக் கம்ப்யூட்டரில் சொருகி, டேப் ஓட ஓட ஹார்ட் டிஸ்கில் ஏற்ற வேண்டும். அதற்குப் பெயர் கேப்சர். அப்புறம் டிஸ்கில் எழுதிக் கொடுத்துவிடலாம். மூன்று மணி நேரக் கேசட் ஏறுவதற்கு மூன்று மணி நேரம் ஆகும். அதில் குறுக்குவழி கிடையாது.

முதல் நாளே எனக்குப் பாடம் கிடைத்தது. முகையூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஞானஸ்நானக் கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போதே டெக்கில் சிக்கிக்கொண்டது. உள்ளே ரப்பர் இளகிப்போயிருந்தது. மூடியைக் கழற்றினால் டேப் இடியாப்பம் மாதிரி சுருண்டு கிடந்தது. சேவியர் அதைப் பிரித்து, கசங்கிய துண்டை வெட்டி எறிந்து ஒட்டிக்கொடுத்தார். டிஸ்க்கை வாங்கிப் போட்டுப் பார்த்த பெரியவர் கோபப்படவில்லை. "எல்லாம் இருக்குதும்மா. சாமியாரு கொழந்த தலையில தண்ணி ஊத்துன எடம் மட்டும் காணோம்" என்றார். அவர் திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

அன்றிலிருந்து எந்தக் கேசட்டைக் கையில் வாங்கினாலும் முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். நடந்து முடிந்ததைத் திரும்ப எடுக்க முடியுமா, டிவியில் ஒருமுறை வந்து போனதைத்தான் யார் திரும்பப் போடுவார்கள்?

2. மஞ்சள் துணிக்குள் வந்தது

வளவனூரிலிருந்து ஏழுமலை என்பவரும் அவர் மனைவி சகுந்தலாவும் வந்தது ஒரு வெயில் நாளில். அந்த அம்மாள் மார்போடு ஒரு மஞ்சள் துணி மூட்டையை அணைத்துக்கொண்டிருந்தார். ஏதோ கோயில் பிரசாதம் என்று நினைத்துவிட்டேன். மேசையில் வைத்துப் பிரித்தால் கேசட். அதன் நெற்றியில், அதாவது டேப் வெளியே வருகிற மூடி மேல், சந்தனம் அப்பி அதன் மேல் குங்குமம். வருஷா வருஷம் வைத்தது ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து பாறையாகிக் கிடந்தது. இடுக்கில் சாமந்தி இதழ் ஒட்டியிருந்தது.

"இதுல எம்பொண்ணு இருக்காம்மா" என்றார் சகுந்தலா.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுச் சாமியாக வைத்துக் கும்பிடுவார்கள். வருஷத்துக்கொருதரம் புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனாலும் பூவாடைக்காரி என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். திண்டிவனத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் படையல் அன்று சாமி வந்து ஆடுவார்கள், நான் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வேன். அந்தச் சாமி இப்போது என் மேசை மேல் வந்து உட்கார்ந்திருந்தது.

ஏழுமலை நிதானமாகச் சொன்னார். மகள் பெயர் கோமதி. பள்ளிக்கூடத்தில் நன்றாகப் பாடுவாளாம். ஏதோ ஒரு டிவியில் குழந்தைகள் நிகழ்ச்சிக்கு அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மெட்ராசுக்குக் கூட்டிப்போனார்கள். தொண்ணூற்றைந்தோ ஆறோ இருக்கும். துணைக்குச் சகுந்தலாவும் போனார். நிகழ்ச்சி வந்த அன்று, துபாயிலிருந்து திரும்பி வந்த பக்கத்து வீட்டுக்காரர் தன் டெக்கில் பதிவுசெய்து வைத்தார். கோமதி பத்தாவது படிக்கும்போது மஞ்சக்காமாலையில் போய்விட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் கேசட்டை இவர்களிடமே கொடுத்துவிட்டார்.

"போட்டோ இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"கூர வூடு எரிஞ்சிப்போச்சிம்மா. போட்டோ, துணிமணி, அவ புஸ்தகம் எல்லாம் அதுல போச்சி. கேசட்டு மட்டும் அன்னிக்கிப் பக்கத்து வூட்ல இருந்துது. அவ மொகம் இதுல மட்டுந்தான் இருக்குது."

சகுந்தலா குறுக்கே சொன்னார்: "டிஸ்க்குல ஏத்திக் குடு. அதுலேர்ந்து ஒரு போட்டோவும் எடுத்துக் குடு. செவுத்துல மாட்டணும். எனக்கு இப்பல்லாம் அவ மொகம் சட்டுனு நெனப்பு வர மாட்டேங்குது."

நான் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி வழியாக உள்ளே டேப் சுருளின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. சந்தனத்தூள் உள்ளேயும் இறங்கியிருந்தது. மூடி திறக்கவே இல்லை. இதை இப்படியே டெக்கில் தள்ளினால் டேப் அறும், டேப்பைத் தொட்டுப் படத்தைப் படிக்கிற டெக்கின் ஹெட்டும் போகும்.

சேவியரை உள்ளே கூப்பிட்டுக் கேட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த பேஜாரே வாணாம் ஸ்டெல்லா. கும்புட்டுத் திருப்பிக் குடுத்துடு" என்றார். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் திருப்பிக் கொடுத்தால் அவர்கள் தைரியசாலி ஒருவனிடம் போவார்கள். அவன் அதை அப்படியே டெக்கில் தள்ளுவான். அந்தப் பயம் இந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

3. வெள்ளைப் பூ

வெளியே வந்து உண்மையைச் சொன்னேன். கேசட்டின் அடியில் இருக்கிற திருகாணிகளைக் கழற்றி, உள்ளே இருக்கும் இரண்டு சுருளையும் எடுத்து, சுத்தம் செய்து, வேறொரு புதுக் கூட்டில் வைத்துத்தான் ஓட்ட முடியும். டேப் எந்த நிலைமையில் இருக்கிறதென்று தெரியாது. ஒரே தடவைதான் ஓட்டுவேன்.

சகுந்தலா கேசட்டை வெடுக்கென்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அவுக்கறதா? சாமிய யாராச்சும் அவுப்பாங்களா?"

ஏழுமலை மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவளையே கேட்டுடலாம்" என்றார்.

கீழே பூக்கடைக்குப் போய் ஒரு வெள்ளைச் சாமந்தியும் ஒரு சிவப்பு அரளியும் வாங்கிவந்தார். தனித்தனியாகக் காகிதத்தில் மடித்தார். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருந்தன. கேசட்டின் முன்னால் என் மவுஸ் பேடு மேல் இரண்டையும் போட்டுக் குலுக்கினார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

"நீயே எடும்மா. அவுக்கப் போறவ நீதான" என்றார்.

சிவப்பு வரட்டும் மாதாவே என்றுதான் நான் வேண்டினேன். பிரித்தால் வெள்ளை.

சகுந்தலா பெருமூச்சு விட்டுக் கேசட்டை மேசை மேல் வைத்தார். "மெள்ள பண்ணும்மா" என்றார். வீட்டுக்குப் போய்விட்டுச் சாயந்திரம் வாருங்கள் என்று சொன்னேன். அவர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மூடி மேலிருந்த பொட்டில் நான் கை வைக்கவில்லை. அதைத் துடைக்க எனக்குத் துணிச்சல் இல்லை, அவரும் விட்டிருக்க மாட்டார். ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினேன். கூடு பிளந்தபோது சகுந்தலா கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு சுருளையும் வெளியே எடுத்துவிட்டு, காலிக் கூட்டைப் பழையபடி சேர்த்துத் திருகி, பொட்டு கலையாமல் மஞ்சள் துணியில் வைத்தேன். அந்த அம்மாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாமி கூட்டிலா, சுருளிலா என்று அவர் கேட்கவில்லை.

மெல்லிய துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டு, டேப்பைக் கையாலேயே சுற்றிச் சுற்றித் துடைத்தேன். துணி துணியாகக் கறுப்பு வந்தது. பூஞ்சை மட்டும் வந்தால் சரி. படம் இருப்பதே டேப்பின் மேல்பூச்சில்தான், அதுவும் சேர்ந்து வந்தால் படமும் துணியோடு போய்விடும். எது வருகிறதென்று எனக்குத் தெரியவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு நான் எழுந்திருக்கவில்லை. அவர்களும் எழுந்திருக்கவில்லை. ஏழுமலை மட்டும் கீழே போய் மூன்று பேருக்கும் டீ வாங்கிவந்தார்.

4. ஓடிய டேப்

புதுக் கூட்டை டெக்கில் தள்ளும்போது சேவியரும் வந்து பின்னால் நின்றார். டெக்கையும் கம்ப்யூட்டரையும் யூபிஎஸ்ஸில் போட்டிருந்தேன். முதலில் கேப்சரைத் தட்டினேன், பிறகு பிளே.

திரை முழுக்கப் புள்ளி. டெக்கில் படத்தை நேராக்கும் டிராக்கிங் குமிழைத் திருப்பத் திருப்ப, கோடு கோடாகச் செய்தி வாசிக்கிறவர் தெரிந்தார். பிறகு ஒரு சோப்பு விளம்பரம். படம் வந்துவிட்டதென்று ஏழுமலை கையெடுத்துக் கும்பிட்டார். அதன் பிறகு என் கவனம் படத்தில் இல்லை. டெக்கின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். டேப் இழுபட்டால் முதலில் சத்தம்தான் மாறும்.

அப்போது மேலே சுற்றிய ஃபேன் நின்றது. கரண்ட் கட். யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. பேட்டரி பழசு. எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்கும் தெரியாது, சேவியருக்கும் தெரியாது. டேப் ஹெட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது டெக் செத்துப்போனால், அந்தப் பிசுபிசுத்த டேப் ஹெட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். எந்த இடத்தில் நின்றதோ அந்த இடம் போய்விடும். நிறுத்திவிடலாமா என்று சேவியர் கண்ணாலேயே கேட்டார். நிறுத்தினால் மறுபடி ஓட்ட வேண்டும். அதை டேப் தாங்காது. வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டேன்.

நிகழ்ச்சி தொடங்கிவிட்டது. வரிசையாகப் பிள்ளைகள் நின்றார்கள். ஒரு பெண்மணி மைக்கை நீட்டிக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"அடுத்தது அவதான்" என்றார் சகுந்தலா. அவர் கையில் எப்படியோ ஒரு சூடம் வந்திருந்தது. "இப்ப மொகம் பெருசா வரும். வந்ததும் நிறுத்தும்மா. சூடம் காட்டணும்."

நான் சட்டென்று அவர் பக்கம் திரும்பினேன். "நிறுத்துவீங்களா? படைக்கும்போது நிறுத்தி வச்சிக்கினா சூடம் காட்டுவீங்க?"

"ஆமா. பக்கத்து வூட்ல போயி டிவியில போட்டு, சத்தத்தக் கொறச்சிட்டு, மொகம் வந்ததும் நிறுத்துவோம். சூடம் அணையற வரைக்கும் அப்பிடியே நிக்கும். சில நேரம் தானா ஓடிடும். திரும்ப அமுக்குவோம்."

"எத்தினி வருசம் இப்பிடி?"

"அவங்க டெக்கு ரிப்பேராவற வரைக்கும், வருசா வருசம்" என்றார் ஏழுமலை. "அதுக்கு மேல பாக்க எங்களுக்குத் தெம்பு இல்லம்மா. அதோட அணைச்சிடுவோம்."

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். பாஸ் பட்டனை அமுக்கினால் டேப்தான் நிற்கும். ஹெட் நிற்காது. அது அந்த ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் டெக் தானாக விட்டுவிடுவது அதனால்தான். இவர்கள் மறுபடி மறுபடி அமுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் எந்த முகத்தைக் கும்பிட்டார்களோ, அந்த முகத்தையே தேய்த்திருக்கிறார்கள். இது எனக்குப் புரிந்த நேரத்தில் மைக் கோமதியிடம் வந்துவிட்டது.

சகுந்தலா எழுந்து பட்டனை நோக்கிக் கையை நீட்டினார். வருஷக்கணக்கான பழக்கம், கை தானாகப் போகிறது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். என் வாழ்நாளில் நான் யார் கையையும் அப்படிப் பிடித்ததில்லை. பூவாடைக்காரியின் தாய், கையில் சூடம். இப்போது இவருக்குச் சாமி வந்தால் என்ன செய்வேன்? ஆனாலும் விடவில்லை.

"வாணாம்மா. இப்ப நிறுத்தினா போயிடும்."

திரையில் முகம் வர வேண்டிய இடத்தில் வெள்ளைக் கோடுகள் வந்தன. மேலிருந்து கீழே வரை வெள்ளை. நடுவில் ஒரு ரிப்பன், ஒரு காது, அவ்வளவுதான் தெரிந்தது. ஏழுமலை "ஐயோ" என்றார். அவர் சொன்னது மெதுவாகத்தான், எனக்குத்தான் இடி மாதிரி கேட்டது. போட்டோ என்று கேட்டு வந்தவர்களுக்கு இதுதான் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் குரல் வந்தது. ஒலி டேப்பின் ஓரமாகத் தனிக் கோட்டில் போகும், அந்தத் தேய்மானம் அதைத் தொடாது. ஃபேன் நின்றிருந்ததால் அறை முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

"உன் பேர் என்னம்மா?"

"கோமதிங்க."

"இவ்வளவு லைட்டு, கேமரா எல்லாம் இருக்கே. பயமா இருக்கா?"

"எனக்கு பயம் இல்ல. எங்கம்மாதான் பயந்துக்கினு அதோ ஒக்காந்துக்கினு இருக்காங்க."

அதைச் சொல்லிக்கொண்டே அந்தப் பெண் திரும்பி விரலை நீட்டினாள். அந்தத் திருப்பத்தில் வெள்ளைக் கோடெல்லாம் கீழே இறங்கிக் காணாமல் போனது. படம் பளிச்சென்று தெரிந்தது. அதற்கு மேல் அவர்கள் டேப்பை ஓட்டியதில்லை அல்லவா, டேப் புதுசாகவே இருந்தது. பக்கவாட்டில் திரும்பிய முகம். எண்ணெய் வைத்து வாரிய தலை, நீலப் பாவாடை, நீட்டிய விரல், சிரிப்பு. பிறகு நேராகத் திரும்பி ஒரு நடவுப் பாட்டைப் பாடினாள்.

சகுந்தலாவின் கை என் பிடியில் தளர்ந்தது. சூடம் கீழே விழுந்து உருண்டது. சாமி வரவில்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்து, அடுத்த பிள்ளையும் பேசி, நிகழ்ச்சி முடிந்து விளம்பரம் வந்தது. கேப்சரை நிறுத்தி சேவ் கொடுத்து, டேப்பை வெளியே எடுத்தேன். யூபிஎஸ் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. ஏறியதா இல்லையா என்று பார்ப்பதற்காக, கோமதி வருகிற இடத்தைக் கம்ப்யூட்டரில் மறுபடி ஓட்டினேன். ஏறியிருந்தது.

ஏழுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் திரும்புற எடத்துல நிறுத்திக் காட்டும்மா, இவ நல்லாப் பாக்கட்டும்" என்றார்.

"இதுல எவ்ளோ நேரம் வேணும்னாலும் நிறுத்தலாங்க. தேயாது" என்று மவுஸில் கை வைத்தேன்.

"நிறுத்த வாணாம்" என்றார் சகுந்தலா. "பேசட்டும்."

5. கேட்க வேண்டிய கேள்வி

அந்தத் திரும்பிய முகத்தைத்தான் போட்டோவாகப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வருஷம் படையலுக்குக் கூப்பிட்டார்கள். பயந்துகொண்டேதான் போனேன். பொட்டு வைத்த காலிக் கூடு பழைய இடத்திலேயே இருந்தது. போட்டோவை மட்டும் சாமி அலமாரிக்கு மேலே மாட்டாமல், எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தார்கள். ஏனென்று கேட்டேன். "இங்க மாட்னாத்தான் நான் ஒக்கார்ற எடத்த அவ கை காட்டுவா" என்றார் சகுந்தலா. சூடம் காட்டிய பிறகு புதிதாக வாங்கிய டிவியில் டிஸ்க்கைப் போட்டார்கள். யாரும் நிறுத்தவில்லை. பாட்டு முடிகிறவரை ஓடியது.

எந்தக் கேசட் வந்தாலும் அதன் பிறகு நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதுல எந்த எடத்துல நிறுத்திப் பாப்பீங்க?" எல்லாருக்கும் அப்படி ஓர் இடம் இருந்தது. தாலி கட்டுகிற இடம் என்பார்கள், அப்பா சிரிக்கிற இடம் என்பார்கள். தேய்ந்துபோன இடம் அதுதான் என்று நானும் குறித்துக்கொள்வேன். இந்தத் தொழிலுக்கு வருகிற நீங்களும் கேளுங்கள். முன்னாலேயே தெரிந்தால், அந்த இடம் தெளிவாக வராமல் போகலாம் என்று அவர்களிடம் சொல்லிவைக்கலாம்.

அந்த இடம் வரும்போது இன்றைக்கும் எனக்குப் பயம்தான். ஆனால் நிறுத்த மாட்டேன்.